நியூஜெர்சியில் ஸ்கூல் போர்டு முன்னால் பேசப் போகிறீர்களா?

ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பள்ளியில் பிள்ளைகள் உள்ளே உயிர்மெய் படித்துக்கொண்டிருக்கும்போது, வராந்தாவில் நாங்கள் ஊர்ப் பள்ளிகளை நிர்வகிக்கும் ஸ்கூல் போர்டைத் திட்டிக்கொண்டிருப்போம். பஸ், எல்லை மாற்றம், கணக்கு வகுப்பு என்று காரணம் வாரத்துக்கு வாரம் மாறும். "அங்க போய்ப் பேசி என்ன ஆகப்போகுது" என்ற முடிவு மட்டும் மாறாது.

நான் மிடில்செக்ஸ் கவுன்டியில் ஒரு சின்ன வக்கீல் அலுவலகத்தில் பாராலீகல், அதாவது வக்கீலுக்கு உதவியாள். வக்கீல் இல்லை, அதனால் இதைச் சட்ட ஆலோசனையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒருமுறை மூக்குடைபட்டு வந்தவள் சொல்லும் வழி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மூக்குடைபட்ட கதை இதுதான். ஹைஸ்கூலில் மாலை நேர லேட் பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள். ரோபாடிக்ஸ் முடித்து வரும் என் மகளைக் கூட்டிவர ஆள் இல்லை. நாலு பக்கம் எழுதிக்கொண்டு மைக் முன்னால் போய் நின்றேன். பள்ளிகளின் தலைமை நிர்வாகியான சூப்பரின்டெண்டெண்ட் எடுத்த முடிவு தவறு என்று சொன்ன உடனே போர்டு தலைவர் சுத்தியலைத் தட்டினார். தனிநபர் விமர்சனத்துக்கு இங்கே இடமில்லையாம். "ஸாரி" என்று சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தேன். ஸாரி சொன்னதுதான் இன்றைக்கும் உறுத்துகிறது.

அன்றிரவு சமையலறை மேஜையில் உட்கார்ந்துதான் விதிகளைப் படித்தேன். நீங்கள் போவதற்கு முன்பே படித்துவிடுங்கள், இரண்டே இரண்டு. ஒன்று, உங்கள் போர்டின் சொந்த விதி. இந்த மாநிலத்தில் பல பள்ளி மாவட்டங்களில் (ஒரு போர்டின் கீழ் வரும் வட்டாரம்தான் பள்ளி மாவட்டம்) அது 0167 என்ற எண்ணில் இருக்கும். பொதுமக்கள் எப்போது, எத்தனை நிமிடம், எப்படிப் பேசலாம் என்று சொல்வது அது. மற்றது 1975-ல் வந்த திறந்த கூட்டங்கள் சட்டம். ஸ்கூல் போர்டு ஒவ்வொரு கூட்டத்திலும் மக்கள் பேச நேரம் ஒதுக்கியே ஆகவேண்டும் என்கிறது. எவ்வளவு நேரம் என்பது அவர்கள் இஷ்டம். எதைப் பற்றிப் பேசலாம்? மாவட்டத்தில் குடியிருப்பவர்களுக்குக் கவலை தரக்கூடியது என்று பொதுமக்களில் ஒருவர் கருதும் எந்தப் பள்ளி விஷயத்தையும் பற்றி. கருத வேண்டியவர் நீங்கள், போர்டு அல்ல. நான் அந்த வரியை அச்சடித்துக் கைப்பையில் வைத்திருக்கிறேன்.

வராந்தாவில் அடுத்து வரும் கேள்வி, விசாவில் இருப்பவர்கள் பேசலாமா என்பது. சட்டம் சொல்வது "பொதுமக்களில் ஒருவர்". வாக்காளர் என்றோ குடிமகன் என்றோ சொல்லவில்லை. பயம் வேறு, சட்டம் வேறு என்பது எனக்கும் தெரியும். தயக்கம் இருந்தால் மைக்கை இன்னொருவருக்கு விட்டுவிட்டு, காகித வேலையை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். உண்மையில் பாதிக்கு மேல் காகித வேலைதான்.

அதாவது ஓப்ரா. டிவி அம்மா இல்லை, 2002-ல் நடைமுறைக்கு வந்த பொது ஆவணச் சட்டம். ஊரில் ஆர்டிஐ போட்டவர்களுக்கு உடனே பிடிபடும், ஒரு வித்தியாசத்தைத் தவிர: இங்கே தகவல் கேட்க முடியாது, ஆவணம்தான் கேட்க முடியும். "லேட் பஸ்ஸை ஏன் நிறுத்தினீர்கள்?" என்று எழுதினால் நிராகரித்துவிடுவார்கள், அது செல்லும். "பஸ் கம்பெனியுடன் போட்ட நடப்பு ஒப்பந்தம், ஜூலை முதல் டிசம்பர் வரை அதற்குக் கட்டிய பில்கள்" என்று எழுதுங்கள். பட்ஜெட், பில், ஒப்பந்தம், சம்பள விவரம் ஆகியவற்றைச் சாதாரணமாக உடனே காட்ட வேண்டும். மற்றவற்றுக்கு 7 வேலை நாள். மின்னஞ்சல்கள் வேண்டுமென்றால் யாருடையது, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை, எந்த விஷயம் என்று மூன்றையும் சொல்லுங்கள். ஒன்று விட்டாலும் திரும்பி வரும். மனுவை ஆவணப் பொறுப்பாளருக்கு அனுப்ப வேண்டும். பள்ளி மாவட்டங்களில் பெரும்பாலும் அவர் போர்டு செயலாளராகவே இருப்பார். காகித நகல் பக்கத்துக்கு 5 சென்ட், மின்னஞ்சலில் வாங்கினால் காசில்லை. பெயர் போடாமலும் கேட்கலாம்.

தரமறுத்தால் அரசு ஆவணக் குழுவிடம் புகார் செய்யலாம், அல்லது 45 நாளுக்குள் கோர்ட்டுக்குப் போகலாம். முன்பு நீங்கள் ஜெயித்தால் உங்கள் வக்கீல் செலவை மாவட்டம் கட்டியாக வேண்டும். 2024 செப்டம்பரில் அமலான திருத்தம் அதைக் குறுக்கிவிட்டது: மறுத்தது நியாயமற்றதாகவோ, கெட்ட எண்ணத்தோடோ, வேண்டுமென்றே சட்டத்தை மீறியதாகவோ இருந்தால்தான் செலவு கட்டாயம். சின்ன வழக்கை எடுக்க வக்கீல்கள் யோசிக்கிறார்கள், எங்கள் அலுவலகம் உட்பட. ஆகவே மனுவைப் பிசிறில்லாமல் எழுதுவது முன்பைவிட முக்கியம்.

எனக்கு வந்த ஆவணங்களில் டிரைவர் தட்டுப்பாடு என்று எங்குமே இல்லை. கூட்டத்தில் சொன்ன காரணம் அதுதான். மின்னஞ்சலில் இருந்தது பட்ஜெட்டில் ஒரு வரியைக் குறைக்கும் பேச்சு. அடுத்த முறை நாலு பக்கம் கொண்டுபோகவில்லை. ஒப்பந்தத் தொகை, மின்னஞ்சல் தேதி, ஒரு கேள்வி: அவ்வளவுதான், ஒன்றரை நிமிடத்தில் முடிந்தது. நம்மில் பலர் முதல் நிமிடத்தை வணக்கத்துக்கும் நன்றிக்கும் செலவழிக்கிறோம். வேண்டாம். மற்ற பிள்ளைகளின் பெயரையும் எடுக்காதீர்கள். தோழி ஒருத்தியை முன்வரிசையிலிருந்து ஃபோனில் பதிவு செய்யச் சொல்லுங்கள். பொதுக் கூட்டத்தை வீடியோ எடுக்கும் உரிமையைப் பைன் ஹில் வழக்கில் 2007-ல் மாநில உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டுவிட்டது. இடையூறில்லாமல் எடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

சுத்தியல் தட்டினால்? நேரம் முடிந்தது என்றாலோ, ஒருவர் கூட்டத்தையே நடத்தவிடாமல் கத்துகிறார் என்றாலோ நிறுத்தலாம். சொல்லும் கருத்து பிடிக்கவில்லை என்பதற்காக நிறுத்தக் கூடாது. நம்மவர்கள் நிறைய இருக்கும் வெஸ்ட் வின்ட்சர்–பிளெய்ன்ஸ்பரோவில் கூடைப்பந்து கோச்சைப் பற்றிப் பேசிய தந்தையைப் போர்டு தலைவர் இடைமறித்தார். அது அவருடைய பேச்சுரிமையை மீறியது என்ற ஜூரியின் முடிவை 2010-ல் மாநில உச்ச நீதிமன்றம் ஏற்றது.

ஆற்றைத் தாண்டினால் பென்சில்வேனியாவின் பென்ஸ்பரி. "தனிநபரைக் குறிவைக்கும்" பேச்சுக்குத் தடை என்ற விதியை 2021 நவம்பரில் ஃபெடரல் நீதிமன்றம் நிறுத்திவைத்தது. எளிய கணக்குதான்: சூப்பரின்டெண்டெண்டைப் பெயர் சொல்லிப் புகழ்ந்தால் கைதட்டல், குறை சொன்னால் சுத்தியல் என்றால் விதி ஒரு பக்கம் சாய்கிறது. சமரசத்தில் மாவட்டம் வழக்குச் செலவுக்கு 3 லட்சம் டாலர் கட்டியது. வழக்குப் போட்டவர்கள் ஆளுக்கு 17 டாலர் 91 சென்ட் வாங்கினார்கள். பேச்சுரிமையைத் தரும் அமெரிக்க உரிமைகள் சாசனம் 1791-ல் வந்ததற்காக அந்தத் தொகை. அவர்கள் மாவட்டத்தின் பன்மைத்துவக் கொள்கையை எதிர்த்துப் பேசியவர்கள். அவர்கள் பேச்சில் எனக்குப் பாதிகூட உடன்பாடில்லை. ஆனால் 0167-ஐ மாற்றச் சொல்லி எங்கள் போர்டுக்கு நான் எழுதிய கடிதத்தில் அவர்கள் வாங்கிய தீர்ப்பைத்தான் காட்டினேன்.

அந்தக் கடிதம் ஒரே பக்கம்தான். எந்தத் தேதி, என்ன சொல்லிக்கொண்டிருந்தபோது நிறுத்தப்பட்டேன், 0167-ல் எந்தச் சொற்கள் சிக்கலானவை, எந்த இரண்டு வழக்குகள், கொள்கைக் குழு எப்போது பரிசீலிக்கும். மிரட்டல் இல்லை. பிரதியைப் போர்டின் வக்கீலுக்கும் அனுப்புங்கள். பென்ஸ்பரி தொகையின் அர்த்தம் அவருக்குத்தான் முதலில் புரியும்.

போர்டு மூடிய கதவுக்குள் பேசப் போனாலும் ஒரு கண் வையுங்கள். எதைப் பேசப் போகிறோம், எப்போது வெளியிடுவோம் என்று முதலில் தீர்மானம் போட வேண்டும். பணியாளர், வழக்கு, மாணவர் அந்தரங்கம் மாதிரிக் காரணங்களை மட்டுமே சட்டம் அனுமதிக்கிறது; "மற்றவை" என்று ஒரு காரணம் அதில் இல்லை. சட்டத்தை மீறி எடுத்த முடிவைச் செல்லாததாக்கக் கோர 45 நாள்தான் அவகாசம். கூட்டம் முடிந்த அன்றே நாள்காட்டியில் குறித்துவிடுங்கள். மினிட்ஸ் (கூட்டக் குறிப்பு) வரட்டும் என்று காத்திருந்து தேதியைத் தவறவிட்ட இரண்டு குடும்பங்களை எனக்குத் தெரியும்.

ஐந்து மாதம் கழித்து ஓர் அஜெண்டாவின் கடைசிப் பக்கத்தில், திருத்திய 0167 வந்தது. "தனிநபரைக் குறிவைக்கும்" என்ற சொற்களின் மேல் கோடு. யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை, 9 பேரும் கை தூக்கினார்கள். லேட் பஸ் வாரத்தில் இரண்டு நாள் மட்டும் திரும்ப ஓடுகிறது. ரோபாடிக்ஸ் மற்ற மூன்று நாளில் வருகிறது. அதற்கான அடுத்த ஓப்ரா மனு போன செவ்வாய்க்கிழமை போயாயிற்று.