வேலூருக்குக் குடிவந்த புதிதில் சனி, ஞாயிறு: காலையில் கோட்டை, மதியம் பிரியாணி

வேலூரில் ஞாயிற்றுக்கிழமை நல்லபடியாகப் போகுமா என்பதை வெயில்தான் தீர்மானிக்கும். சுற்றிலும் கரட்டு மலை. பாறை பகலெல்லாம் வாங்கிய சூட்டை விளக்கு வைத்த பிறகும் விட்டுக்கொண்டிருக்கும். மார்ச் பாதியிலிருந்து ஜூன் வரை வெளியே போவதெல்லாம் காலை ஆறிலிருந்து பத்துக்குள், இல்லையென்றால் மாலை ஐந்துக்கு மேல். நடுவில் வீடு, சாப்பாடு, தூக்கம். வந்த விருந்தாளிகள் "டிபன் சாப்பிட்டுப் பத்தரைக்குக் கிளம்பலாமே" என்பார்கள். விடாதீர்கள்.

அக்கம்பக்கத்தாரையும் அலுவலக நண்பர்களையும் கூப்பிடுவதில் ஒரு சிக்கல் உண்டு. இது ஆஸ்பத்திரி ஊர். பலருக்கு ஞாயிறு லீவே கிடையாது, ஷிப்ட்தான். "ஒரு நாள் வீட்டுக்கு வாங்க" என்று பொதுவாகச் சொன்னால் யாரும் வரமாட்டார்கள். புதன்கிழமையே "இந்த வாரம் உங்களுக்கு எப்ப ஆஃப்?" என்று கேளுங்கள். நைட் டூட்டி முடித்து வருகிறவரைக் காலையில் இழுக்காதீர்கள், மாலை ஐந்தரைக்குக் கூப்பிடுங்கள். முதல் தடவை டீயும் பஜ்ஜியும் போதும். எடுத்த எடுப்பில் விருந்து வைத்தால், திருப்பி விருந்து வைக்கவேண்டுமே என்ற கவலையிலேயே அடுத்த முறை தட்டிக்கழிப்பார்கள்.

ரயிலில் வருகிறவர்களிடம் "காட்பாடி ஜங்ஷன்" என்று அழுத்திச் சொல்லுங்கள். வேலூர் கன்டோன்மென்ட் என்று ஒரு ஸ்டேஷன் ஊருக்குள் இருக்கிறது. ஆனால் அது விழுப்புரம் போகும் பாதை. சென்னை–பெங்களூர் எக்ஸ்பிரஸ்கள் நிற்பது காட்பாடியில். அங்கிருந்து பாலாற்றுப் பாலம் தாண்டி ஊருக்குள் வர, மாலை நேரமானால் முக்கால் மணி நேரம் ஒதுக்குங்கள். ஞாயிறு மாலை திரும்பும் டிக்கெட்டை வரும் டிக்கெட்டோடு சேர்த்தே எடுத்துவிட வேண்டும். அன்றைய கூட்டத்தில் அன்ரிசர்வ்டில் குழந்தையோடு ஏறுவது நடக்காத காரியம்.

முதல் காலைக்குக் கோட்டைதான். ஆறரைக்குள் போய்விடுங்கள். அகழி ஓரமாக ஒரு நடை, பிறகு ஜலகண்டேஸ்வரர் கோயில். உள்ளே நுழைந்ததும் கல்யாண மண்டபத்துத் தூண்களுக்கு அரை மணி நேரம் கொடுங்கள். யாளிகளையும் குதிரை வீரர்களையும் பார்க்கும் பிள்ளைகள் தாங்களாகவே நின்றுவிடுவார்கள். நெடுங்காலம் மூலவர் இல்லாமல் கிடந்த கோயில் இது, 1981-இல்தான் மறுபடி பிரதிஷ்டை ஆனது என்பதைப் பாட்டி, தாத்தாவிடம் சொல்லுங்கள். அவர்களுக்கு அது பெரிய செய்தி. 1806 ஜூலை 10 சிப்பாய் எழுச்சி நடந்ததும் இந்த மதில்களுக்குள்தான். பத்து மணிக்கு மேல் வெளிப் பிரகாரக் கல் காலைச் சுட்டுவிடும். வயதானவர்களுக்கு ஒரு ஜோடி பழைய சாக்ஸ் எடுத்துப்போங்கள். கோட்டைக்குள் இருக்கும் அரசு அருங்காட்சியகம் வெள்ளிக்கிழமையும் இரண்டாம் சனிக்கிழமையும் திறக்காது. விருந்தாளிகள் பெரும்பாலும் வந்து இறங்குவது அந்த இரண்டாம் சனியில்தான்!

மதியம் ஆம்பூர் பாணி மட்டன் பிரியாணி. எட்டுப் பேருக்குச் சீரகச் சம்பா 1 கிலோ, கறி 1 கிலோ, வெங்காயம் அரை கிலோ, தக்காளி 400 கிராம், இஞ்சி, பூண்டு தலா 100 கிராம், தயிர் 200 மில்லி, எண்ணெய் 200 மில்லி, காய்ந்த மிளகாய் 25. மிளகாயை வெந்நீரில் அரை மணி ஊறவைத்து விழுதாக அரையுங்கள். பிள்ளைகள் சாப்பிட வேண்டுமென்றால் விதையை உதறிவிடுங்கள். மிளகாய்த்தூள் போட்டால் நிறம் வரும், ஆம்பூர் வாசனை வராது. பட்டை, கிராம்பு, ஏலக்காய் தாளித்து, இஞ்சி பூண்டு விழுது, கறி, மிளகாய் விழுது, தயிர், வெங்காயம், தக்காளி, புதினா, மல்லி, உப்பு என்று வரிசையாகப் போட்டுக் கறியை முக்கால் பதத்துக்கு மேலேயே வேகவிடுங்கள். அரிசி இருபது நிமிடம் ஊறினால் போதும், அதற்கு மேல் ஊறினால் உடையும். உப்புப் போட்ட கொதிநீரில் தனியாக வேகவைத்து, நகத்தால் நசுக்கினால் நடுவில் வெள்ளைப் புள்ளி தெரியும்போதே வடித்துவிட வேண்டும். அந்த நேரத்தில் மசாலா கறிக்கு மேல் ஒரு விரல்கடை நிற்கவேண்டும்: குறைந்தால் அடிப்பிடிக்கும், கூடினால் குழையும். சோற்றைக் கலந்து, அடியில் தோசைக்கல் வைத்துச் சிறு தீயில் இருபது நிமிடம் தம், இறக்கி மூடியபடி பத்து நிமிடம். எடுக்கும்போது கரண்டி விட்டுக் கிளறாமல், தட்டால் ஓரத்திலிருந்து வாருங்கள். தொட்டுக்கொள்ளக் கத்திரிக்காய்த் தொக்கு. இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காய் கிடைத்தால் அதையே வாங்குங்கள், 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற காய்.

ஸ்ரீபுரம் பொற்கோயில் போவதானால் நட்சத்திர வடிவப் பாதையில் ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் நடை இருக்கிறது, குறுக்கு வழி கிடையாது. அரை டிராயர், லுங்கி கட்டியவர்களை விடமாட்டார்கள். போனும் உள்ளே போகாது, எங்கே சந்திப்பது என்று முன்பே பேசிவையுங்கள்.

மூன்றாவது, நான்காவது வாரத்தில் ஏலகிரி. வாணியம்பாடி வழியாகப் போய்ப் பொன்னேரியில் மலையேற வேண்டும். மொத்தம் 14 கொண்டை ஊசி வளைவு. பிள்ளைகள் வாந்தி எடுப்பது பெரும்பாலும் வழியில் வயிறு முட்ட பூரி தின்றதால்தான். இரண்டு இட்லியோடு நிறுத்துங்கள், போனைப் பிடுங்கி வையுங்கள். வளைவுகளுக்குப் புலவர்கள், வள்ளல்கள் பெயர் வைத்திருக்கிறார்கள். பலகையை யார் முதலில் வாசிப்பது என்று போட்டி விட்டால் கண் தூரத்தில் நிற்கும், குமட்டலும் குறையும்.

ஊர் திரும்புகிறவர்களுக்குப் பிரியாணி கட்டிக்கொடுக்காமல் விடமாட்டோம் அல்லவா? தட்டில் பரப்பி நன்றாக ஆறவிட்டு வாழையிலையில் கட்டுங்கள். சூட்டோடு டப்பாவில் அடைத்தால் வேர்த்துப்போய், வீடு போய்ச் சேர்வதற்குள் ஊசிப்போகும். தயிர்ப் பச்சடியைத் தனியாகக்கூடக் கொடுக்க வேண்டாம்.