பழைய இசைக்குப் புதிய நக்கல்: முதல் குட்டி அனிமேஷன் செய்வது எப்படி?

கிண்டலுக்கு மேற்கத்திய செவ்வியல் இசையைப் போல நல்ல கூட்டாளி கிடையாது. அது முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டிருக்கும். திரையில் நாம் குறும்பு செய்யலாம்.

இத்தாலிக்காரர் புரூனோ பொசெட்டோ 1976-இல் எடுத்த 'அலெக்ரோ நான் ட்ரோப்போ' இதற்கு நல்ல பாடம். 1940-இல் வந்த டிஸ்னியின் 'ஃபேன்டேசியா'வைச் சீண்டிய படம் அது. அதில் செக் இசையமைப்பாளர் த்வோர்ஷாக்கின் ஸ்லாவோனிய நடன இசை ஒன்று வரும். ஒருவன் குகையை விட்டு வெளியே வந்து வீடு கட்டுகிறான். ஊரே பார்த்துக் கட்டுகிறது. எது செய்தாலும் காப்பி. வெறுத்துப்போனவன், கூட்டத்தை மலை முகட்டிலிருந்து குதிக்கவைக்கப் பார்க்கிறான். அவர்களோ கால்சட்டையை இறக்கிப் பின்புறத்தைக் காட்டுகிறார்கள்! மெட்டு திரும்பி வருகிறது, கூட்டமும் திரும்பிச் செய்கிறது. இசையின் வடிவத்திலிருந்தே கதை பிறக்கிறது.

சரி, நாமும் அப்படியே போவோம்.

முதலில் இசை. நார்வேயின் எட்வர்ட் கிரீக், இப்செனின் 'பேர் கின்ட்' நாடகத்துக்காக 1875-இல் எழுதிய 'மலையரசனின் மண்டபத்தில்' தொடக்கக்காரர்களுக்குப் பொருத்தம். இரண்டரை நிமிடம்தான். ஒரே சின்ன மெட்டு பூனைநடையாகத் தொடங்கி, வேகமும் சத்தமும் ஏறி, கடைசியில் விட்டு விட்டு விழும் அடிகளோடு முடியும். (கிரீக்கே இதைக் கிண்டலாகத்தான் எழுதினார், மிகையான நார்வேப் பெருமையின் சாணி நாற்றம் இதில் அடிப்பதாகக் கடிதத்தில் எழுதியிருக்கிறார்.) அவர் 1907-இல் இறந்துவிட்டதால் இசைக்கு உரிமைச் சிக்கல் இல்லை. ஆனால் வாசித்துப் பதிவு செய்தவர்களுக்குத் தனி உரிமை உண்டு. செவ்வியல் இசைப் பதிவுகள் கிடைக்கும் மியூசோபன் போன்ற தளத்தில் உரிமத்தைப் படித்துவிட்டு இறக்குங்கள்.

அப்புறம் கதை. வேகம் கூடிக்கொண்டே போய் உடையும் விஷயம் வேண்டும். ஒரு குமாஸ்தா, ஒரு ரப்பர் ஸ்டாம்ப், ஒரு கோப்பு. மெட்டு திரும்பும்போதெல்லாம் கோப்புகள் இரட்டிப்பாகின்றன. இது போதும்.

இனிதான் முக்கியமான வேலை. படம் வரைந்துவிட்டு இசையை ஒட்டலாம் என்று நானும் ஒருமுறை நினைத்தேன். மூன்று வாரம் வீண். ஸ்டாம்ப் விழுந்த பிறகு தாளம் வந்தது, தாளம் விழுந்தபோது ஆள் மூக்கைச் சொறிந்தான். ஆகவே முதலில் ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் இசையை ஓடவிட்டு, ஒவ்வொரு தாளத்துக்கும் (பீட்) கன்ட்ரோல்-எம் தட்டிக் குறியிடுங்கள்.

கணக்கு எளிது. நொடிக்கு 24 சட்டகம் (ஃபிரேம்) என்றால் நிமிடத்துக்கு 1,440. அதை நிமிடத்துக்கான தாள எண்ணிக்கையால் வகுத்தால் ஒரு தாளத்தின் நீளம் கிடைக்கும். 120 தாளம் என்றால் 12 சட்டகம். ஒரு படத்தை இரண்டு சட்டகம் நிறுத்தினால் ஆறு படம் வரைந்தால் போதும். இந்த இசை வேகம் மாறிக்கொண்டே போவதால் ஒரே எண்ணைக் கடைசிவரை நம்பாதீர்கள். நீங்கள் போட்ட குறிகளையே பின்பற்றுங்கள். ஸ்டாம்ப் மேசையைத் தொடும் படத்தை ஒலிக்கு ஒன்றிரண்டு சட்டகம் முன்னால் வையுங்கள். கண்ணுக்கு அதுதான் சரியாகப் படும்.

வரைவதற்கு பென்சில்2டி என்ற மென்பொருள் போதும், இலவசம். குச்சி மனிதனே போதும். ஒன்று மட்டும்: ஒவ்வொரு சுரத்துக்கும் ஓர் அசைவு கொடுக்காதீர்கள், சலித்துவிடும். நாலு முறை ஒத்துப்போய் ஐந்தாவது முறை ஸ்டாம்ப் தவறிக் கையில் விழட்டும்.

கடைசி அடிகள். அடிக்கு ஒரு கோப்புக் கட்டு அவன் தலையில். நடுவில் வரும் மௌனத்தில் அவன் கண் மட்டும் மேலே பார்க்கட்டும், வேறு எதுவும் அசையக்கூடாது.

முடித்ததும் ஒலியை அணைத்துவிட்டு ஒருமுறை பாருங்கள். அப்போதும் அதே அளவு சிரிப்பு வந்தால் இசை சும்மா பின்னால் ஓடிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். தாளக் குறிகளைத் திறந்து மறுபடி உட்காருங்கள்.