நிலத்தோற்றப் படத்தைப் படிக்கும் முறை

தேர்வில் ஒரு பள்ளத்தாக்கின் படத்தைக் கொடுத்து விளக்கச் சொன்னார்கள். நடுவில் ஆறு ஓடியது. ஆறு அரித்த பள்ளத்தாக்கு என்று முதல் வரியிலேயே எழுதிவிட்டேன், மதிப்பெண் போனது. அதற்குப் பிறகு நான் பழகிக்கொண்ட முறை இது.

முதலில் படத்தின் வகையைப் பாருங்கள். தரையில் நின்று எடுத்ததா, வானிலிருந்து சாய்வாக எடுத்ததா, நேர் கீழாக எடுத்ததா? நேர் கீழாக எடுத்த படத்தில், தரை சமமாக இருந்தால், அளவுகோல், அதாவது படத்தில் ஒரு சென்டிமீட்டர் தரையில் எவ்வளவு தூரம் என்பது, எல்லா இடத்திலும் ஏறக்குறைய ஒன்றுதான். மற்ற இரண்டிலும் தூரம் போகப்போக எல்லாமே சிறுத்துவிடும். அவற்றில் ஸ்கேல் வைத்து அளக்காதீர்கள். ஒரு ஆள், ஒரு கதவு, ஒரு பேருந்து கண்ணில் பட்டால் அதன் அருகில் இருப்பதை மட்டும் ஒப்பிட்டு மதிப்பிடலாம்.

அடுத்தது கோட்டுப்படம். படத்தின் மேல் ட்ரேசிங் தாள் வைத்து, வானத்தைத் தொடும் கோடு, சரிவு முடியும் அடிவாரக் கோடு, ஆறு, சாலை ஆகியவற்றை மட்டும் வரையுங்கள். முன்புலம், நடுப்புலம், பின்புலம் தானாகப் பிரிந்துவிடும். இதற்குக் கைப்பேசிச் செயலிகளை நான் விரும்புவதில்லை. பெரிதாக்கிப் பெரிதாக்கி ஒவ்வொரு மரத்தையும் வரைய ஆரம்பித்துவிடுவோம். மழுங்கிய பென்சில் போதும்.

இப்போது நான் தவறிய இடம். தாளை இரண்டாகப் பிரித்து, இடப்பக்கம் ‘கண்ணில் தெரிவது’, வலப்பக்கம் ‘நான் ஊகிப்பது’ என்று எழுதுங்கள். இடப்பக்கம் நிறையும் வரை வலப்பக்கம் போகக் கூடாது.

சுவிட்சர்லாந்தின் லௌட்டர்புருன்னன் பள்ளத்தாக்கை எடுத்துக்கொள்வோம். இடப்பக்கத்தில் எழுத வேண்டியவை: தட்டையான அகன்ற அடித்தளம், ஏறக்குறைய செங்குத்தான பாறைச் சுவர்கள், அகலத்துக்குப் பொருந்தாத சிறிய ஆறு, சுவரின் உச்சியிலிருந்து விழும் அருவி. அந்த ஸ்டாப்பாக் அருவியின் உயரம் கிட்டத்தட்ட 300 மீட்டர். துணை ஓடை ஏன் அவ்வளவு உயரத்தில் நின்றுபோனது? முதன்மைப் பள்ளத்தாக்கில் இருந்த பெரிய பனியாறு (மெல்ல நகரும் பனிக்கட்டித் திரள்) ஆழமாகக் குடைந்துவிட்டது, பக்கத்துப் பள்ளத்தாக்கு அந்த ஆழத்துக்கு இறங்கவில்லை. அதுதான் தொங்கு பள்ளத்தாக்கு. ஆக ‘பனியாறு’ என்ற சொல் இப்போதுதான் வலப்பக்கம் வருகிறது, சான்றோடு வருகிறது.

தட்டையான அடித்தளத்தை மட்டும் நம்பிவிடாதீர்கள். ஆறும் வண்டலை நிரப்பித் தட்டையாக்கும். மலையில் ஆறு மட்டும் அரித்த இடத்தில் பொதுவாக வி வடிவமும், இருபுறமிருந்தும் விரல் கோர்த்ததுபோல் நீளும் மலைக்கிளைகளும் தெரியும். பனியாறு அந்தக் கிளைகளின் நுனியை வெட்டி நேராக்கிவிடும்.

மனிதப் பயன்பாட்டைக் கடைசியில் பாருங்கள். வயல் எங்கே, வீடுகள் ஆற்றங்கரையை விட்டு மேடேறி நிற்கின்றனவா, சாலை எந்தச் சரிவைத் தவிர்க்கிறது? இடப்பக்கம் சரியாக நிரம்பியிருந்தால் இது சுலபம்.

பின்சேர்க்கை: நிழலை வைத்துத் திசை கண்டுபிடித்தது தவறிவிட்டது என்று வாசகர்கள் இருவர் எழுதியிருந்தார்கள். நண்பகல் நிழல் வடக்கே விழும் என்பது கடகரேகைக்கு வடக்கே உள்ள இடங்களுக்குத்தான். மகரரேகைக்குத் தெற்கே அது தெற்கே விழும். இரண்டு ரேகைகளுக்கும் இடையில் மாதத்தைப் பொறுத்து மாறும். படம் எடுத்த இடமும் நேரமும் தெரியாமல் திசை எழுத வேண்டாம்.

இன்னொருவர் கோடைப் படத்தையும் குளிர்காலப் படத்தையும் ஒப்பிட்டுப் பனி குறைந்துவிட்டது என்று எழுதியிருந்தார். மாதம் ஒத்துப்போக வேண்டும். அலாஸ்காவின் மியூர் பனியாற்றை ஒரே இடத்திலிருந்து 1941 ஆகஸ்டிலும் 2004 ஆகஸ்டிலும் எடுத்த படங்கள் இருக்கின்றன. இரண்டுமே ஆகஸ்ட் என்பதால், முதல் படத்தில் பனி நிறைந்திருந்த இடத்தில் இரண்டாவதில் தண்ணீர் தெரிவதைப் பருவத்தின் வேலை என்று தள்ள முடியாது. அந்த இடைவெளியில் பனியாற்றின் முகப்பு சுமார் 12 கிலோமீட்டர் பின்வாங்கியிருந்தது.