இரண்டாம் வருகைக்குக் காத்திருப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2024 நவம்பர் 30, சனிக்கிழமை இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையைக் கடந்தது. விடிந்தால், கிறிஸ்துமஸுக்கு முன்வரும் திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு. கத்தோலிக்க ஆலயங்களில் அன்றைக்கு வாசிக்க வேண்டிய நற்செய்தி லூக்கா 21ஆம் அதிகாரம். சூரியனிலும் சந்திரனிலும் அடையாளங்கள் தோன்றும், கடலும் அலைகளும் முழங்கும், மக்கள் கலங்கித் தவிப்பார்கள் என்று ஆண்டவர் சொல்லும் இடம் அது. தண்ணீரில் நடந்து ஆலயத்துக்குப் போய்ச் சேர்ந்தவர்களுக்கு அதைக் கேட்டபோது உடம்பு சிலிர்த்திருக்கும்.

ஆனால் அந்த வாசகத்தைப் புயலுக்காக யாரும் எடுத்து வைக்கவில்லை. மூன்று ஆண்டுச் சுழற்சியில் அதன் முறை வந்தது, அவ்வளவுதான். 2021லும் அதே ஞாயிறு அதே பகுதிதான், 2027லும் அதுதான் வரும். கடல் பொங்கினாலும் அடங்கிக் கிடந்தாலும் திருச்சபை அதை வாசித்துக்கொண்டே இருக்கிறது. கடைசிக் காலத்தைப் பற்றிய கிறிஸ்தவப் போதனையை இப்படித்தான் கையாள வேண்டும் என்று நினைக்கிறேன். பரபரப்பான வாரத்தில் மட்டும் தூசி தட்டி எடுத்து, அப்புறம் மறந்துபோகிற விஷயம் இல்லை இது.

இயேசு மறுபடியும் வருவார், உயிருள்ளோரையும் மரித்தோரையும் நியாயந்தீர்ப்பார், மரித்தோர் எழுந்திருப்பார்கள். இந்த அளவுக்கு எல்லாச் சபைகளும் ஒன்றாகவே அறிக்கையிடுகின்றன. மஞ்சக்குப்பத்து லுத்தரன் விசுவாசிக்கும் வில்லியனூர் மாதா கோயிலுக்குப் போகிறவருக்கும் பெந்தெகொஸ்தே சபை விசுவாசிக்கும் இதில் சண்டை இல்லை. சிக்கல்கள் இதற்கு அப்புறம்தான் ஆரம்பிக்கின்றன.

நாள் குறிப்பது

“அந்த நாளையும் அந்த நாழிகையையும் என் பிதா ஒருவர் தவிர மற்றொருவனும் அறியான்” என்று மத்தேயு 24:36 சொல்கிறது. இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது. இருந்தும் ஒரு தலைமுறைகூட விடாமல் யாராவது ஒருவர் கணக்குப் போட்டிருக்கிறார்.

அமெரிக்காவில் வில்லியம் மில்லர் தானியேல் புத்தகத்தில் வரும் 2300 நாட்களை ஆண்டுகளாக எண்ணிக் கணக்குப் போட்டார். கடைசியில் அவரைப் பின்பற்றியவர்கள் 1844 அக்டோபர் 22 என்று நாள் குறித்தார்கள். ஆயிரக்கணக்கானோர் அன்றைக்கு வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சிலர் விளைந்த பயிரைக்கூட அறுக்காமல் விட்டிருந்தார்கள். பொழுது விடிந்தது, வழக்கமான ஒரு காலை. நம் பக்கமும் இது நடந்திருக்கிறது. திருவிதாங்கூரில் சி.எம்.எஸ். (சர்ச் மிஷனரி சொசைட்டி) குருவாக இருந்த யுஸ்தூஸ் யோசேப்பு 1875இல் ஓர் எழுப்புதல் இயக்கத்தை நடத்தி, 1881இல் கிறிஸ்து வருவார் என்று அறிவித்தார். நாள் கடந்தது. 2011இல் ஹெரால்ட் கேம்பிங் என்ற வானொலிப் பிரசங்கியார் மே 21 என்றார், நடக்கவில்லை. அக்டோபர் 21 என்று மாற்றினார், அதுவும் நடக்கவில்லை. அடுத்த ஆண்டு, தான் தேதி சொன்னது தவறு என்று அவரே வெளிப்படையாக ஒப்புக்கொண்டார்.

இப்போது நேரடியாகத் தேதி சொல்கிறவர்கள் குறைவு. வேறு மாதிரி சொல்கிறார்கள். “நாளும் நாழிகையும்தானே தெரியாது, வருஷம் தெரியலாமே?” என்பது ஒன்று. 1948இல் இஸ்ரவேல் நாடு உருவானது, அதிலிருந்து ஒரு சந்ததிக்குள் முடிவு என்பது இன்னொன்று. ஒரு சந்ததிக்கு 40 வருஷம் என்று எடுத்து 1988 என்றார்கள். அது பொய்த்ததும் 70, 80 என்று நீட்டிக்கொண்டே போகிறார்கள். உயிர்த்தெழுந்த ஆண்டவர் பரமேறுவதற்குச் சற்று முன் சீஷர்களிடம் சொன்ன பதில் இந்த வழியையும் அடைத்துவிடுகிறது: “காலங்களையும் வேளைகளையும் அறிகிறது உங்களுக்கு அடுத்ததல்ல” (அப்போஸ்தலர் 1:7). வருஷமும் அதற்குள் அடங்கும். கூடவே அவர்களுக்கு ஒரு வேலையும் கொடுத்தார், சாட்சியாக இருக்கிற வேலை.

பேரிடரை நியாயத்தீர்ப்பாகப் படிப்பது

இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே பேச வேண்டும். நம் கடற்கரைக்கு அந்தக் கடமை இருக்கிறது.

2004 டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை காலை. தேவனாம்பட்டினத்திலிருந்து தெற்கே கிராமம் கிராமமாகக் கடல் உள்ளே வந்தது. கடலூர் மாவட்டத்தில் மட்டும் 600க்கும் அதிகமானோர் இறந்தார்கள். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையில் புகுந்து, பண்ருட்டிப் பக்கத்துப் பலாவையும் முந்திரியையும் வேரோடு சாய்த்தது. இப்படி ஒவ்வொன்று நடக்கும்போதும் இரண்டு பேச்சு கிளம்பும். ஒன்று, “முடிவு வந்துவிட்டது.” இன்னொன்று அதைவிடக் கொடியது, “அந்த ஜனங்களின் பாவத்துக்குத் தேவன் கொடுத்த தண்டனை.”

இரண்டாவதற்கு இயேசுவே பதில் சொல்லியிருக்கிறார். சீலோவாமில் கோபுரம் இடிந்து 18 பேர் செத்தார்கள். அவர்கள் எருசலேமில் மற்ற எல்லாரையும்விடப் பெரிய குற்றவாளிகள் என்று நினைக்கிறீர்களா என்று கேட்டு, “அப்படியல்ல” என்றார் (லூக்கா 13). மனந்திரும்ப வேண்டியவர்கள் என்று அவர் காட்டியது உயிரோடு கேட்டுக்கொண்டிருந்தவர்களைத்தான். பிள்ளையைக் கடலுக்குக் கொடுத்த தாயின் முன்னால் நின்று தண்டனை என்று பேசுகிற யாரும் இயேசுவின் பெயரில் பேசவில்லை. பேசுகிறவர் எவ்வளவு பெரிய ஊழியக்காரராக இருந்தாலும் சரி.

முதல் பேச்சுக்கு வருவோம். யுத்தங்களும் பஞ்சங்களும் பூமியதிர்ச்சிகளும் உண்டாகும் என்று மத்தேயு 24 சொல்வது உண்மை. ஆனால் அந்த வரிகளுக்கு நடுவிலேயே “கலங்காதபடி எச்சரிக்கையாயிருங்கள்”, “முடிவு உடனே வராது” என்றும் இருக்கிறது. இவையெல்லாம் வேதனைகளுக்கு ஆரம்பம் என்கிறார். அடையாளம் என்றதும் கடலூர்க்காரர்களுக்குத் துறைமுகத்துப் புயல் கூண்டு ஞாபகம் வரும். ஒன்றாம் எண் ஏற்றினால் தூரத்தில் இருக்கிறது, பத்து ஏற்றினால் தலைக்கு மேல் வந்துவிட்டது. மத்தேயு 24ஐ அந்தக் கூண்டு மாதிரி வாசிக்கிறவர்கள்தான் ஒவ்வொரு நிலநடுக்கத்துக்கும் எண்ணை ஒன்று கூட்டுகிறார்கள். ஆண்டவரோ திருடன் வருவதை உவமையாகச் சொன்னார். திருடன் கூண்டு ஏற்றிவிட்டு வருவதில்லை.

எண்ணையும் முத்திரையையும் தேடித் திரிவது

வெளிப்படுத்தின விசேஷம் 13:18இல் மிருகத்தின் எண்ணாக வரும் 666ஐ வைத்துப் பார்கோடு, ஆதார், கொரோனா தடுப்பூசி என்று வரிசையாகப் பயமுறுத்தியாயிற்று. பயந்துபோய் வயதான பெற்றோருக்கு ஊசி போடாமல் விட்டவர்கள் விசுவாசத்தால் அதைச் செய்யவில்லை, வதந்தியால் செய்தார்கள்.

அந்தப் புத்தகம் முதலில் யாருக்குப் போனது என்று பாருங்கள். இன்றைய துருக்கியில் எபேசு, சிமிர்னா முதலான ஏழு ஊர்ச் சபைகளுக்கு, முதல் நூற்றாண்டில், ரோமப் பேரரசின் கீழ் நெருக்கப்பட்டவர்களுக்கு. எழுத்துக்களுக்கு எண் மதிப்பு கொடுத்துக் கூட்டுவது அவர்களுக்குப் பழகிய வழக்கம். நீரோ மன்னனின் பெயரையும் பட்டத்தையும் எபிரெய எழுத்தில் எழுதிக் கூட்டினால் 666 வரும். சில பழைய கையெழுத்துப் பிரதிகளில் இருக்கும் 616கூட அந்தப் பெயரின் இன்னொரு எழுத்துமுறையோடு பொருந்துகிறது. அது நீரோவோடு முடிந்துவிட்டதா, இனி வரப்போகிற ஒருவனையும் குறிக்கிறதா என்பதில் சபைகளுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் மிருகத்தின் முத்திரை அங்கே வணக்கத்தோடு சேர்ந்தே வருகிறது. தெரியாமல் யாருக்கும் குத்திவிட முடியாது. ஒருவன் யாரைத் தொழுகிறான் என்பதே அங்கே கேள்வி.

நம் சபையின் வரைபடத்தை வேதமாக்குவது

முதலில் இரகசிய வருகை, பிறகு ஏழு வருட உபத்திரவம், பிறகு பகிரங்க வருகை, பிறகு ஆயிர வருட அரசாட்சி. பல சபைச் சுவர்களில் இந்தப் படம் தொங்குகிறது. இதைப் பிடித்துக்கொண்டிருப்பவர்களின் பக்தியை நான் குறை சொல்லவில்லை. ஆனால் சபை தனியாக எடுத்துக்கொள்ளப்பட்டு, பின்பு ஏழு வருடம் கழித்து இன்னொரு வருகை என்ற இந்த வரிசை 19ஆம் நூற்றாண்டில் ஜான் நெல்சன் டார்பி என்ற பிரசங்கியார் வழியாகப் பரவியது. 5ஆம் நூற்றாண்டு இறையியலாளர் அகுஸ்தீன் காலத்திலிருந்து பெரும்பாலான சபைகள் வெளிப்படுத்தல் 20இன் ஆயிரம் வருடத்தை இப்போது நடக்கிற திருச்சபையின் காலமாகவே புரிந்துகொண்டன. இறுதி உயிர்த்தெழுதலுக்கு முன் பக்தர்கள் உலக அரசாட்சியைக் கைப்பற்றுவார்கள் என்ற கருத்தை லுத்தரன்களின் 1530ஆம் ஆண்டு ஆக்ஸ்பர்க் விசுவாச அறிக்கை மறுக்கிறது. அதனால், “ஆர்.சி.காரர்களுக்கு வருகையே தெரியாது”, “லுத்தரன் ஐயர் இதைப் பிரசங்கிக்கவே மாட்டார்” என்று ஏளனம் பேசுவதை விட்டுவிடலாம். அவர்கள் ஒரே வருகையை நம்புகிறார்கள், உறுதியாகவே நம்புகிறார்கள்.

பிள்ளைகளைப் பயமுறுத்துவது

ஓய்வுநாள் பள்ளியிலும் விடுமுறை வேதாகமப் பள்ளியிலும் இது நடக்கிறது. “ராத்திரி வருகை வந்தால் அம்மா போயிடுவாங்க, நீ மட்டும் இருப்பே” என்று சொல்லப்பட்ட குழந்தை, பள்ளி விட்டு வரும்போது வீடு பூட்டியிருந்தால் என்ன பாடுபடும் என்று யோசியுங்கள். கீழ்ப்படிய வைக்க இது எளிய வழிதான். அந்தக் குழந்தை வளர்ந்த பிறகு இயேசு என்ற பேரைக் கேட்டதும் முதலில் பயம்தான் எழும். அதை அழிக்க வருஷங்கள் ஆகும், சிலருக்கு அழிவதே இல்லை.

எடுத்துக்கொள்ளப்படுவதைப் பற்றிப் பவுல் எழுதிய அதே பகுதி எதற்காக எழுதப்பட்டது? தெசலோனிக்கேயில் சிலர் இறந்துபோனார்கள். வருகைக்கு முன்னே செத்துவிட்டார்களே, அவர்கள் கதி என்ன என்று வீட்டார் அழுதார்கள். அவர்களுக்கு எழுதிய ஆறுதல் கடிதம் அது. மரித்தவர்கள் முதலாவது எழுந்திருப்பார்கள் என்று சொல்லி, “இந்த வார்த்தைகளினாலே நீங்கள் ஒருவரையொருவர் தேற்றுங்கள்” என்று முடிக்கிறார் (1 தெசலோனிக்கேயர் 4:18). நவம்பர் 2, கல்லறைத் திருநாளன்று புதுச்சேரிக் கல்லறைகளில் பூ வைத்து, மெழுகுவர்த்தி ஏற்றி நிற்கிற குடும்பங்களுக்குச் சொல்ல வேண்டிய வார்த்தை அது. பிள்ளைகளுக்கும் அப்படியே சொல்லிக் கொடுங்கள்: தாத்தாவைத் திரும்பப் பார்ப்போம், இயேசுவே வந்து கூட்டிக்கொண்டு போவார்.

வேலையை விட்டுவிடுவது

அதே தெசலோனிக்கேயில் சிலர் ஆண்டவர் வரப்போகிறார் என்ற பேச்சோடு, வேலை செய்யாமல் ஒழுங்கற்றுத் திரிந்தார்கள். இரண்டாம் கடிதத்தில் பவுலுக்குக் கோபமே வந்துவிட்டது: வேலைசெய்ய மனதில்லாதவன் சாப்பிடவும் கூடாது. இன்றைக்கு இது வேறு உருவத்தில் வருகிறது. “வருகை சமீபம், படிப்பு எதுக்கு?” என்று பிளஸ் டூ படிக்கும் பிள்ளையிடம் சொல்வது. சர்க்கரை மாத்திரையை நிறுத்துவது. வீட்டில் கேட்காமல் நகையை ஊழியத்துக்கு எழுதிக் கொடுப்பது. முடிவு நெருங்கிவிட்டது என்று சொல்லி உங்கள் பத்திரத்தைக் கேட்கிறவர், முடிவு நெருங்கிவிட்டால் அந்தப் பத்திரத்தை வைத்து என்ன செய்யப் போகிறார் என்று தயங்காமல் கேளுங்கள்.

காத்திருப்பதற்கு யாக்கோபு காட்டுகிற ஆள் ஒரு விவசாயி. முன்மாரியும் பின்மாரியும் வரும்வரை நீடிய பொறுமையோடு காத்திருக்கிறவன். தானே புயல் சாய்த்த தோப்பில் மறுபடியும் முந்திரிக் கன்று நட்டவர்களுக்கு இந்த வசனத்துக்கு விளக்கம் தேவைப்படாது.

மறந்தே போவது

மேலே சொன்ன கூத்துகளைப் பார்த்து அலுத்துப்போய், வருகையைப் பற்றி நினைப்பதையே விட்டுவிட்டவர்கள் நம்மில் அதிகம். படித்தவர்கள் மத்தியில் இது இன்னும் அதிகம். விசுவாசப் பிரமாணத்தில் அந்த வரியைச் சொல்கிறோம், அடுத்த வரிக்குப் போகிறோம். “என் ஆண்டவன் வர நாள் செல்லும்” என்று நினைத்துத்தான் உவமையில் அந்த ஊழியக்காரன் உடன் வேலைக்காரரை அடிக்கத் தொடங்கினான். நாள் குறிப்பவனைப் போலவே இவனும் எஜமான் வரும் நேரத்தைத் தானே முடிவு செய்துவிட்டான். தாமதம் என்று நாம் நினைப்பது தேவனுடைய நீடிய பொறுமை என்று 2 பேதுரு 3:9 சொல்கிறது. ஒருவரும் கெட்டுப்போகக் கூடாது என்று காத்திருப்பவர் அவர்.

மத்தேயு 24ஐ வாசிப்பவர்கள் 25ஐயும் சேர்த்தே வாசிக்க வேண்டும். அடையாளங்களைப் பற்றிய பேச்சு அங்கேதான் போய் முடிகிறது. விளக்குக்கு எண்ணெய் வைத்திருந்த கன்னிகைகள், எஜமான் கொடுத்த தாலந்தை, அதாவது பணத்தை, புதைக்காமல் வியாபாரம் செய்தவர்கள், கடைசியில் செம்மறியாடுகளும் வெள்ளாடுகளும் போலப் பிரிக்கப்படும் மக்கள். நியாயத்தீர்ப்பு நாளில் வரைபடம் சரியா என்று யாரும் கேட்கவில்லை. பசித்தவனுக்குச் சாப்பாடு கொடுத்தாயா, அந்நியனைச் சேர்த்துக்கொண்டாயா என்பதே கேள்வி. சுனாமி அன்று பரங்கிப்பேட்டை ஜமாஅத்தார் மீனவக் குடும்பங்களுக்குச் சாப்பாடு போட்டு, தங்க இடமும் கொடுத்தார்கள். அந்த அதிகாரத்தை ஆலயத்தில் வாசிக்கும் நாம் அதைப் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டியது நிறைய இருக்கிறது.

அடுத்த புயல் சமயத்தில் தேதியோடு ஒரு செய்தி உங்கள் வாட்ஸ்அப்புக்கு வரும். அதை மற்றவர்களுக்கு அனுப்ப வேண்டாம், குரூப்பில் சண்டையும் போட வேண்டாம். அனுப்பியவரைத் தனியாகக் கூப்பிட்டு, “நல்லா இருக்கீங்களா அக்கா, வீட்ல தண்ணி வந்துச்சா?” என்று கேளுங்கள். பெரும்பாலும் அவர் எதற்கோ பயந்து போயிருப்பார். அதைக் கேட்டு முடித்த பிறகு, விருப்பப்பட்டால் இருவரும் சேர்ந்து 1 தெசலோனிக்கேயர் நாலாம் அதிகாரத்தை வாசிக்கலாம்.