ஆம்பூரில் வீகனாக மாறுவது எப்படி? பெல்ட்டை அப்புறம் பார்க்கலாம், முதலில் பால்

நான் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் அப்பர், அதாவது ஷூவின் மேல்பாகம் தைக்கிறேன். நான் வீகன்: பால், தயிர், முட்டை, கறி என்று உயிர்களிடமிருந்து வருகிற எதையும் சாப்பிடுவதில்லை. இரண்டையும் சேர்த்துச் சொன்னால் எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: "அப்போ உன் சம்பளம் எதுல வருது?" நியாயமான கேள்வி, அதற்கும் வருகிறேன். ஆனால் வழி கேட்டு வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது வேறு. இது தோல் ஊர் என்பதால் மாற நினைப்பவர்கள் பெல்ட்டையும் பர்ஸையும் தூக்கிப் போடுவதில் ஆரம்பிக்கிறார்கள். செருப்பு எப்போதோ ஒரு தரம் வாங்குவது. பால் பாக்கெட் தினமும் வாங்குவது.

அதனால் போன மாதத்து மளிகைச் சீட்டையும் பால் கணக்கையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மாடு, ஆடு, கோழியிலிருந்து வந்தவை ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு கோடு போடுங்கள். எது அதிகக் காசு தின்கிறதோ அதில் முதலில் கை வையுங்கள். வாரத்தில் ஒரு நாள் மட்டும் கறி எடுக்கிற வீட்டில் பாலும் தயிரும் நெய்யும் சேர்ந்து கறிச் செலவைத் தொட்டுவிடும்.

பாலில் என்ன கொலை இருக்கிறது என்று கேட்பவர்கள் ஒரு செவ்வாய்க்கிழமை வேலூர் பக்கத்துப் பொய்கை மாட்டுச் சந்தைக்குப் போய் நின்று பாருங்கள். துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசுவார்கள், முகத்தில் ஒன்றும் தெரியாது. கறவை வற்றிய மாடு ஒரு பக்கம், காளைக்கன்று ஒரு பக்கம். மாடு பால் தர வேண்டுமானால் கன்று போட வேண்டும். போடுகிற கன்றுகளில் பாதி காளை. ஏர் ஓட்டிய காலத்தில் அதற்கு வேலை இருந்தது. இப்போது டிராக்டர். எருது விடும் விழாவுக்கு வளர்க்க எத்தனை கன்று வேண்டும்? மீதியில் பெரும்பாலானவை எங்கே போகும் என்று விற்பவருக்கும் தெரியும், வாங்குபவருக்கும் தெரியும். கறி ஒரு பக்கம் போக, தோல் எங்களைப் போன்றவர்கள் மெஷினுக்கு வந்து சேர்கிறது. பாலும் தோலும் ஒரே மாட்டுக்குக் கிடைக்கிற இரண்டு விலை. இரண்டு மாடு வைத்துக்கொண்டு பிள்ளைகளைப் படிக்க வைக்கிற அம்மாவைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. வற்றிய மாட்டுக்கு அவர் எப்படித் தீவனம் போடுவார்? ஆனால் நாம் தினமும் தருகிற காசுதான் அடுத்த கன்றைப் போடச் சொல்கிறது.

சரி, பாலை நிறுத்தினால் தயிருக்கு என்ன செய்வது? நம் பக்கம் வேர்க்கடலைக்குப் பஞ்சமில்லை. வறுக்காத பச்சைக் கடலை ஒரு டம்ளர் எடுத்து ராத்திரி ஊற வையுங்கள். காலையில் கையால் கசக்கித் தோலை நீக்குங்கள். தோலை விட்டால் துவர்க்கும். மூன்று டம்ளர் தண்ணீர் விட்டு மையாக அரைத்து வெள்ளைத் துணியில் வடிகட்டுங்கள். அடுப்பில் வைத்தால் பக்கத்தில் நின்று கிளறிக்கொண்டே இருக்க வேண்டும், பசும்பாலைவிடச் சீக்கிரம் அடிப்பிடிக்கும். பொங்கியதும் இறக்கி, விரல் பொறுக்கிற சூட்டுக்கு ஆறவிடுங்கள். உறை மோருக்குப் பதில் பச்சை மிளகாய்க் காம்பு. மிளகாயின் தலையோடு கிள்ளிய காம்பு ஆறேழு, ஒரு கிண்ணம் கடலைப் பாலில் முழுகும்படி போட்டு மூடி வையுங்கள். முதல் தடவை நீர்த்து, லேசாக ஒரு வாடையோடு இருக்கும். அதைச் சாப்பிட வேண்டாம். அதிலிருந்து ஒரு கரண்டி எடுத்து அடுத்த ஈட்டுக்கு உறை ஊற்றுங்கள். அது கெட்டியாக நிற்கும். வெயில் காலத்தில் ஆறு மணி நேரத்தில் உறைந்துவிடும், மார்கழியில் ராத்திரி முழுக்க வேண்டும்.

மோர்க்குழம்பு, தயிர்ப் பச்சடி, ஆடிக் கூழுக்கு மோர் எல்லாம் இதில் நன்றாக வரும். வடிகட்டிய சக்கையை அடை மாவில் போடலாம். டீக்கு இந்தப் பால் சுமார்தான், இஞ்சி தட்டிப் போட்டால் ஒப்பேற்றலாம். காபிக்கு வேண்டவே வேண்டாம். சுக்குக் காபிக்கு மாறிவிடுங்கள்.

என் மாமியார் கேட்டது: "இன்னாமா இது, பால்கூட ஆவாதுன்னா எலும்புக்கு எது?" அவர் வாழ்நாள் முழுக்கச் சாப்பிட்ட களியிலேயே பதில் இருக்கிறது. நூறு கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் உண்டு. ஆனால் வைட்டமின் பி12 வேறு விஷயம். அதைச் செடி கொடி தராது. பால், முட்டை, கறி எல்லாவற்றையும் விட்டவர்கள் பி12 மாத்திரை எடுத்தே ஆக வேண்டும். கீரையில் இருக்கிறது, பழைய சோற்றில் இருக்கிறது என்று யார் சொன்னாலும் நம்பி உட்காராதீர்கள். கை கால் மரத்துப் போகிற வரை காத்திருக்காமல் ரத்தப் பரிசோதனை செய்து, அளவை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கர்ப்பிணிகளும் குழந்தை வைத்திருப்பவர்களும் இதை முதலில் செய்துவிட்டு மற்றதைத் தொடங்குங்கள்.

கடையில் பச்சைப் புள்ளியைப் பார்த்து ஏமாற வேண்டாம். அது சைவம் என்பதற்கான அடையாளம். பாலும் தேனும் அதில் அடக்கம். வீகன் பொருளுக்கு, உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ 2021இல் தனிச் சின்னம் கொண்டுவந்தது, பச்சை நிற 'வி' எழுத்தின் மேல் ஒரு சின்ன இலை. நம் ஊர் மளிகைக் கடையில் அது அபூர்வம். அதனால் பாக்கெட்டைத் திருப்பி, பொருள் பட்டியலுக்குக் கீழே ஒவ்வாமைக்காக அச்சிடுகிற வரியைப் படியுங்கள். 'மில்க் உள்ளது' என்றால் பால் சேர்த்திருக்கிறார்கள். 'மில்க் இருக்கலாம்' என்றால் அதே மெஷினில் வேறு பண்டம் ஓடியிருக்கிறது, அதற்கு நான் கவலைப்படுவதில்லை.

ஹோட்டலில் இட்லி, சட்னி, எண்ணெய் தோசை பெரும்பாலும் தொந்தரவில்லை. பொங்கலில் நெய். பரோட்டா மாவில் பாலோ முட்டையோ இருக்கலாம், மாஸ்டரையே கேளுங்கள். வெஜிடபிள் பிரியாணியில் தயிர் இருக்கும். நம்ம ஊர் பிரியாணிக்குத் தொட்டுக்கொள்ளத் தருகிற கத்தரிக்காய் புளியும் எண்ணெயும் சேர்ந்தது, அதை வெறும் சோற்றோடு சாப்பிட்டாலே போதும். தால்சா என்கிற பருப்புக் குழம்பு என்றால் உஷார், எலும்பு போட்டிருப்பார்கள். பக்ரீத், கல்யாணம் என்று பக்கத்து வீட்டில் பாத்திரம் வருவதற்கு முந்தின நாளே, "அக்கா, எனக்குக் கத்தரிக்காய் மட்டும்" என்று சொல்லிவிடுங்கள். வாசலில் வந்து நிற்கிறபோது மறுப்பது அவர்களுக்கும் சங்கடம்.

இனி செருப்பு. ஏற்றுமதியில் தள்ளிய ஜோடிகளை விற்கும் கடைகள் இங்கே உண்டு. வெளிநாட்டுக்குப் போகிற ஷூவில் சின்னச் சின்னப் படங்கள் போட்ட ஒரு ஸ்டிக்கர் இருக்கும். விரித்த தோல் வடிவம் போட்டிருந்தால் தோல். வெறும் சாய்சதுரம் என்றால் ரெக்ஸின், ரப்பர் வகை. கட்டம் கட்டமாகப் பின்னல் இருந்தால் துணி. தோல் வடிவத்துக்குள் ஒரு சாய்சதுரம் இருந்தால், மேலே பூச்சு ஏற்றிய தோல். கடைக்காரர் "இது ரெக்ஸின்தாம்மா" என்றாலும் நம்ப வேண்டாம். அப்பர், லைனிங், சோல் மூன்றுக்கும் தனித்தனிப் படம் உண்டு. மேலே செயற்கை, உள்ளே தோல் என்று வரும். ஸ்டிக்கர் இல்லாவிட்டால் வெட்டிய ஓரத்தைப் பாருங்கள். தோலில் நார் நாராகத் தெரியும். ரெக்ஸினில் அடியில் துணியும் அதன்மேல் மெல்லிய படலமும் தனியாகத் தெரியும். வாசனையை நம்பாதீர்கள். 'வெஜிடபிள் டேன்' என்று எழுதியிருந்தால் ஆவாரம்பட்டை போன்றவற்றால் பதனிட்ட தோல் என்றுதான் பொருள், மாடு மாடுதான்.

அதற்காக வீட்டில் இருக்கிற தோல் செருப்பை எறியாதீர்கள். செத்த மாடு திரும்பி வராது, நீங்கள் புதிதாக வாங்கப் போவது பிளாஸ்டிக். தைத்துப் போட்டு, சோல் மாற்றி, தேயும் வரை போடுங்கள். தோல் ஆலைக் கழிவு பாழாக்கிய பாலாற்றின் கதை இங்கே யாருக்கும் சொல்லத் தேவையில்லை. வேலூர் குடிமக்கள் நல மன்றம் போட்ட வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996இல், மாசுபடுத்தியவரே அதற்குரிய செலவை ஏற்க வேண்டும் என்று தீர்ப்புச் சொல்லி, தோல் தொழிற்சாலை ஒவ்வொன்றுக்கும் பத்தாயிரம் ரூபாய் அபராதம் விதித்தது. தோல் மோசம் என்று வருஷத்துக்கு நாலு ஜோடி ரெக்ஸின் வாங்குவதும் இன்னொரு குப்பைதான். ஆரணிப் பட்டுக்கும் இதே கணக்கு. ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கான கூடுகளைப் புழுவோடு வேகவைக்கிறார்கள். அம்மா தந்த பட்டை நான் கட்டுகிறேன், புதிதாக எடுப்பதில்லை. அந்தக் காசுக்குக் கைத்தறிப் பருத்தி எடுக்கிறேன். நெசவுக்காரர் கூலியும் கெடாது.

இப்போது என் சம்பளம். ஆமாம், தோலிலிருந்துதான் வருகிறது. ஆம்பூரில் பெண்களுக்கு பி.எஃப்.போடு மாதச் சம்பளம் தருகிற வேலை வேறு எத்தனை இருக்கிறது? நான் எழுந்து போனால் நாளைக்கே என் மெஷினில் இன்னொருத்தி உட்காருவாள், ஒரு ஜோடிகூடக் குறையாது. நான் பால் வாங்காவிட்டால் ஒரு பாக்கெட் குறைகிறது. இந்தப் பதிலில் ஓட்டை உண்டு என்று எனக்கே தெரியும். கேட்கிறவர்கள் கேட்டுக்கொண்டே இருக்கட்டும்.

சர்க்கரையை வெளுக்க எலும்புக்கரி போட்டார்களா, ஷூவில் எந்தப் பசை என்று முதல் வாரமே தோண்டுகிறவர்கள் அதோடு சலித்துப் போய்ப் பால் டீக்குத் திரும்பிவிடுகிறார்கள். நம் ஊர் ஆலைகளில் கரும்புச் சாற்றைப் பெரும்பாலும் சுண்ணாம்பும் கந்தகப் புகையும் கொண்டே தெளிவிக்கிறார்கள், சர்க்கரையைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். கேப்ஸ்யூல் உறை பெரும்பாலும் ஜெலட்டின், மாட்டெலும்பிலிருந்தோ தோலிலிருந்தோ எடுப்பது. அதே மருந்து மாத்திரையாகக் கிடைக்குமா என்று டாக்டரிடம் கேளுங்கள். கிடைக்காது என்றால் கேப்ஸ்யூலையே போட்டுக்கொள்ளுங்கள்.