கையைக் கடிக்காத புரதம்: நீலகிரிக்குப் புதிதாகக் குடிவருபவர்களுக்கு

குன்னூருக்கோ கோத்தகிரிக்கோ ஊட்டிக்கோ புதிதாகக் குடிவந்திருக்கிறீர்களா? சாமான் இறக்கியதும் குக்கரை எடுத்துப் பாருங்கள். கேஸ்கட் தேய்ந்திருந்தால் அன்றைக்கே புதிது வாங்கிவிடுங்கள். மளிகை விலை ஏறிக்கொண்டே போகும் நாளில் பருப்பும் முட்டையும் குறையாமல் சாப்பிடுவது எப்படி என்று யார் கேட்டாலும் நான் குக்கரிலிருந்துதான் ஆரம்பிப்பேன்.

அருப்புக்கோட்டையிலிருந்து நான் வந்த முதல் வாரம், இரவு முழுக்க ஊறவைத்த கொண்டைக்கடலையைச் சட்டியில் போட்டு அடுப்பில் வைத்தேன். ஊரில் அப்படித்தான் பழக்கம். ஒன்றரை மணி நேரம் கொதித்த பிறகும் விரலால் நசுக்கினால் தோல் கழன்றதே தவிர நடுவில் கல்லாக நின்றது. பழைய கடலையைத் தலையில் கட்டிவிட்டார் என்று கடைக்காரரிடம் போய்ச் சண்டை போட்டேன். அவர் மேல் தப்பே இல்லை. ஏறத்தாழ 300 மீட்டர் ஏறினால் தண்ணீர் கொதிக்கும் சூடு ஒரு டிகிரி குறையும். குன்னூர் 1,850 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஊட்டி 2,240 மீட்டர். ஊட்டியில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதற்கு மேல் எவ்வளவு தீ வைத்தாலும் சூடு ஏறாது, சிலிண்டர்தான் தீரும். குக்கருக்குள் அழுத்தம் இருப்பதால் சூடு நூறைத் தாண்டும். ஊரில் நாலு விசில் என்றால் இங்கே ஆறு வையுங்கள். முட்டையும் அப்படித்தான், ஊரில் பத்து நிமிடம் என்றால் இங்கே பதின்மூன்று, பதினாலு. ராஜ்மாவை மட்டும் ஒருபோதும் அரைவேக்காட்டில் இறக்காதீர்கள். சரியாக வேகாத ராஜ்மா வாந்தி, வயிற்றுப்போக்கில் கொண்டுபோய் விடும். ஊறவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில், குக்கரில்.

இந்த ஊரில் காய் நன்றாகக் கிடைக்கும். கேரட், முட்டைக்கோஸ், பீட்ரூட், உருளைக்கிழங்கு எல்லாம் மண் காயாமல் சந்தைக்கு வரும். ஆனால் பருப்பு, முட்டை, கோழி எல்லாம் கீழேயிருந்து ஏறி வர வேண்டும். முட்டைக்கு நாமக்கல், கறிக்கோழிக்குப் பல்லடம் பக்கம். கீழே விலை ஏறினால் இங்கே வண்டி வாடகையும் சேர்ந்து ஏறும். அதனால் கை இறுகும்போது புதிதாக வந்தவர்கள் பருப்பையும் முட்டையையும் குறைத்துவிட்டு, சோறும் உருளைக்கிழங்கும் கோஸ் பொரியலுமாக ஓட்டுகிறார்கள். குளிருக்குப் பசி வேறு அதிகம், வயிறு நிறைந்துவிடும். குழந்தைகள் இருக்கும் வீட்டில் இதைப் பார்க்க எனக்கு மனசு பொறுப்பதில்லை. வேறு எதைக் குறைத்தாலும் சரி, பருப்பையும் முட்டையையும் கடைசியாகக் குறையுங்கள்.

நாளைக்கு எவ்வளவு புரதம் வேண்டும்? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020இல் சொன்ன கணக்கு, உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம். 60 கிலோ ஆளுக்கு நாளைக்கு 50 கிராம். கால் கிலோ அரிசியில் 18, 19 கிராம் வந்துவிடும். 60 கிராம் பருப்பில் 13, இரண்டு முட்டையில் 12, 13, கால் லிட்டர் பாலோ தயிரோ 8. ஐம்பது வந்துவிட்டது. அரிசியில் குறைவாக இருக்கும் சத்தைப் பருப்பு ஈடுகட்டும், பருப்பில் குறைவதை அரிசி. சோறும் பருப்பும் சேர்த்தே சாப்பிடுவதில் அந்தப் பலன் இருக்கிறது.

கடைக்குப் போகும்போது கிலோ விலையைப் பார்க்காமல், பத்து ரூபாய்க்கு எத்தனை கிராம் புரதம் என்று பாருங்கள். துவரம்பருப்பு கிலோ 150 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நூறு கிராமில் 22 கிராம் புரதம், அப்படியானால் பத்து ரூபாய்க்கு 14, 15 கிராம். ஏழு ரூபாய் முட்டையில் 6 கிராம், பத்து ரூபாய்க்கு எட்டரை. கோழி கிலோ 250 என்றால் எலும்பு போக 6 கிராம் தேறும். பன்னீர் 400 என்றால் நாலரை. மீல்மேக்கரில் நூறு கிராமுக்கு 52 கிராம் இருக்கிறது. கிலோ 150க்குக் கிடைத்தால் பத்து ரூபாய்க்கு 34 கிராம்! உங்கள் கடை விலையைப் போட்டு ஒரு தடவை கணக்குப் பாருங்கள், பிறகு கை தானாகச் சரியான டப்பாவுக்குப் போகும்.

இது எல்லாவற்றையும் விட மலிவு ரேஷன் கடைத் துவரம்பருப்பு. மாதம் ஒரு கிலோ, 30 ரூபாய். அட்டை பழைய ஊர் முகவரியில் இருக்கிறதே என்று சும்மா இருந்துவிடாதீர்கள். 2020 அக்டோபர் முதல் தமிழ்நாட்டில் கைரேகை வைத்து எந்த ரேஷன் கடையிலும் வாங்கலாம். மாதத் தொடக்கத்திலேயே போய்விடுங்கள். இங்கேயே தங்கப்போகிறீர்கள் என்றால் இ-சேவை மையத்தில் முகவரியை மாற்றிக்கொள்வதுதான் நல்லது. பிள்ளைகள் அரசுப் பள்ளியில் படித்தால் மதிய உணவில் முட்டை உண்டு. சாப்பிட்டார்களா என்று சாயங்காலம் கேட்டுக்கொள்ளுங்கள்.

முட்டையைச் சில்லறையாக வாங்காமல், பக்கத்து வீட்டோடு சேர்ந்து முப்பது முட்டை அட்டையாக வாங்கிப் பிரித்துக்கொள்ளுங்கள். இந்தக் குளிரில் சீக்கிரம் கெடாது. புரட்டாசியில் கோழி விலை இறங்கும், விரதம் இல்லாத வீட்டுக்கு அதுதான் நல்ல மாதம். மீல்மேக்கரைக் கொதிநீரில் ஊறவைத்து, இரண்டு தடவை நன்றாகப் பிழிந்து, உதிர்த்து, சோம்பு, பூண்டு தட்டிப்போட்டுப் பொரியல் செய்தால் அந்தப் பச்சை வாடை இருக்காது. பிழியாமல் குழம்பில் போடுவதால்தான் பலருக்கு அது பிடிக்காமல் போகிறது.

பாலில் ஒரு விஷயம். ஆவின் பாக்கெட்டில் நிறத்துக்கு நிறம் முக்கியமாக மாறுவது கொழுப்பு. நீலத்தில் 3 சதவீதம், ஆரஞ்சில் 6. புரதத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. புரதத்துக்காக ஆரஞ்சுக்குக் கூடுதலாகக் கொடுக்க வேண்டியதில்லை. தயிர் இங்கே உறையாது என்று பாக்கெட் தயிருக்குப் போகிறார்கள், தேவையே இல்லை. பால் கைச்சூட்டை விடக் கொஞ்சம் கூடுதலாக இருக்கும்போது, ஊரில் ஊற்றுவதைப் போல இரண்டு மடங்கு உறைமோர் ஊற்றி, ஹாட்பாக்ஸில் வைத்து மூடி, பழைய கம்பளியால் சுற்றி அடுப்பு மேடையில் விடுங்கள். காலையில் கத்தியால் வெட்டலாம். முளைகட்டுவதும் இதே கதைதான். ஊரில் ஒரே இரவில் வால் விடும் பச்சைப்பயறு டிசம்பர் குளிரில் மூன்று நாள் ஆனாலும் அசையாது. வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து, துணியில் கட்டி, அதே ஹாட்பாக்ஸுக்குள்.

சந்தையில் அவரைக்கொட்டை, பச்சைப் பட்டாணி, பட்டர்பீன்ஸ், டபுள்பீன்ஸ் தோலோடு குவிந்திருக்கும். அவசியம் வாங்குங்கள், ருசி அப்படி. ஆனால் பச்சைக் கொட்டையில் பாதிக்கு மேல் தண்ணீர், காய்ந்த மொச்சையின் கணக்கை அதற்குப் போடக்கூடாது. தோல் எடையும் நம் தலையில்தான். பக்கத்து வீட்டுப் படுகர் அம்மா அவரைக்கொட்டையும் உருளைக்கிழங்கும் போட்டு உதக்க என்று ஒரு குழம்பு வைப்பார். கொட்டை முழுசாக இருக்கும், வாயில் வைத்தால் வெண்ணெயாகக் கரையும். ஊட்டிக் காளானையும் பட்டர்ஃபுரூட்டையும் சத்து என்று சொல்லி விற்பார்கள். நல்ல பொருள்தான், ஆனால் காளானில் நூறு கிராமுக்கு 3 கிராம், பட்டர்ஃபுரூட்டில் 2. புரதக் கணக்கில் இரண்டையும் சேர்க்காதீர்கள். கறிக்கடைக்குப் போகும்போது மூடியுள்ள எவர்சில்வர் டப்பா எடுத்துப் போங்கள், மாவட்டம் முழுக்கப் பிளாஸ்டிக் பைக்குத் தடை. கூடலூர், பந்தலூர் பக்கம் குடியிருந்தால் கேரளக் கடற்கரையிலிருந்து மத்தி வரும். மற்ற இடங்களில் நெத்திலிக் கருவாடு போதும். ஒரு கைப்பிடி கத்தரிக்காய்க் குழம்பில் விழுந்தால் நாலு பேருக்கு மணக்கும்.

துபாய், சிங்கப்பூரில் இருந்துவிட்டு இங்கே வந்து குடியேறுபவர்களுக்குத் தனியாக ஒன்று. அங்கே சாப்பிட்ட கெட்டித் தயிரையும் டின் மீனையும் இங்கே தேடினால் மாதச் சம்பளத்தில் ஓட்டை விழும். அப்படி வந்த என் அக்கா மகன் புரதப் பவுடர் டப்பாவோடுதான் இறங்கினான். டப்பா தீர்ந்ததும் ஆன்லைனில் விலை பார்த்துவிட்டு, “சித்தி, இதுக்குப் பதிலா என்ன சாப்பிடலாம்?” என்று கேட்டான். வீட்டுத் தயிரை மெல்லிய துணியில் கட்டி இரவெல்லாம் தொங்கவிட்டேன். காலையில் அந்தக் கெட்டித் தயிரும், வறுத்த நிலக்கடலை ஒரு கைப்பிடியும், இரண்டு முட்டையும் வைத்தேன். வடிந்த தண்ணீரைச் சப்பாத்தி மாவுக்கு ஊற்றிக்கொண்டேன். இப்போது அவனே துணி கட்டுகிறான்.

அப்புறம் மழை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை மேட்டுப்பாளையம் சாலையில் மரமும் மண்ணும் சரிந்தால் லாரி ஏறாது. 2009 நவம்பரில் மலை சரிந்து நாற்பதுக்கும் மேற்பட்ட உயிர் போனதை இங்கே யாரும் மறக்கவில்லை. எப்போதும் இரண்டு வாரத்துக்குத் துவரை, கொள்ளு, மீல்மேக்கர் கையிருப்பு வையுங்கள். வெயில் காட்டுவதற்கு வழியில்லை என்பதால், வாங்கிய அன்றே வெறும் வாணலியில் லேசாக வறுத்து, ஆறியபின் எவர்சில்வர் தூக்கில் போட்டு இறுக மூடுங்கள். நிலக்கடலையை மட்டும் கால் கிலோவுக்கு மேல் வாங்காதீர்கள். ஈரத்தில் பூசணம் பிடித்தால் கழுவி வறுத்தாலும் அதன் விஷம் போகாது, ஒரு பருப்பில் பச்சை படிந்திருந்தாலும் மொத்தத்தையும் கொட்டிவிடுங்கள்.