வின்டேஜ் ஸ்டோரியில் காற்றாலைச் சம்மட்டி: முதல் தகடு விழும் வரை

வின்டேஜ் ஸ்டோரி என்ற கணினி விளையாட்டில் ஒரு உலோகத் தகடு வேண்டுமென்றால் 2 இங்காட்டை (உலோகப் பாளம்) பழுக்கக் காய்ச்சிப் பட்டடையில் வைத்து, வாக்சல் வாக்சலாக (உலோகத்தின் சின்னச் சின்னக் கனத் துண்டுகள்) தட்டிப் பரப்ப வேண்டும். ஒன்றிரண்டு என்றால் பரவாயில்லை. தகட்டுக் கவசம் என்று ஆரம்பித்தால் கை ஓய்ந்துவிடும், அடிக்கு அடி சுத்தியலும் தேயும். அந்தப் பாட்டைக் காற்றின் தலையில் கட்டுவதற்குத்தான், காற்றாலை விசையில் தானாக அடிக்கும் ஹெல்வ் ஹாமர் இருக்கிறது. சுருக்கமாகச் சம்மட்டி என்றே சொல்வோம்.

முதலிலேயே ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். இது செய்வது மூன்றே வேலை: இங்காட்டைத் தகடாக்கும், இரும்பு புளூமின் (கசடு கலந்த இரும்புக் கட்டி) கசடு நீக்கி இங்காட்டாக்கும், பிளிஸ்டர் ஸ்டீலை (பக்குவப்படாத எஃகு) எஃகாக்கும். கோடரித் தலை, வாள் அலகு எல்லாம் பழையபடி கையால்தான். எனவே செம்பில் நாலு கருவி செய்துகொண்டிருக்கும் கட்டத்தில் இதற்கு அவசரம் இல்லை. வெண்கலம் தாண்டி இரும்பைத் தொடும்போது கட்டினால் போதும்.

படி 1: ஆளி விதையுங்கள்

சம்மட்டியைவிடக் காற்றாலைதான் செலவு வைக்கும், அதிலும் பாய்கள். பாய்க்கு லினன் துணி வேண்டும், லினனுக்கு ஆளி நார் வேண்டும். காற்றாலைச் சுழலியில் பாய்களை நான்கு நான்காகத்தான் மாட்ட முடியும். மொத்தம் 5 சுற்று, ஆக 20 பாய். ஒரே ஒரு சம்மட்டிக்கு இருபதும் தேவையில்லை. ஆனால் 4 மட்டும் மாட்டிவிட்டு, இளங்காற்றில் ஏன் நின்றுபோகிறது என்று கேட்பதில் பயனில்லை. முதல் வசந்தத்திலேயே வயலில் பெரும்பகுதியை ஆளிக்கு ஒதுக்குங்கள். அச்சுகள் செய்யக் கொழுப்பும் வேண்டும், வேட்டையில் கிடைப்பதை எல்லாம் சமையலுக்கே கொட்டிவிடாதீர்கள். ஒவ்வொரு பாகத்தையும் செய்யும் முறை எச் விசையை அழுத்தினால் வரும் கையேட்டில் இருக்கிறது.

படி 2: உயரமான இடம்

உயரம் கூடக் கூடக் காற்று வலுக்கும். இயல்பான உலகில் கடல் மட்டம் அடியிலிருந்து 110 கட்டம் (பிளாக்) உயரத்தில் இருக்கும். ஆற்றங்கரையில் வீடு கட்டியவர்கள் காற்றாலையைப் பக்கத்துக் குன்றிலோ உயரமான கோபுரத்திலோ வைப்பது நல்லது. முதலில் அச்சு, அதன் நுனியில் சுழலி, பிறகு பாய். முழுப் பாயும் மாட்ட வேண்டுமென்றால் சுழலியிலிருந்து நாலு பக்கமும் 6 கட்டம் காலியாக இருக்க வேண்டும், அதாவது 13-க்கு 13. கூரை விளிம்போ மரக்கிளையோ குறுக்கே இருந்தால் அடுத்த சுற்றுப் பாய் ஏறாது. கோபுரத்தைக் குட்டையாகக் கட்டிவிட்டுத் தரை இடிக்கிறது என்று பிறகு இடித்துக் கட்டுபவர்கள் நிறைய.

படி 3: விசையைக் கீழே இறக்குதல்

மேலே ஒரு கோணப் பல்சக்கரத் திருப்பம், கோபுரத்துக்குள் செங்குத்தாக அச்சு, கீழே இன்னொரு திருப்பம். அச்சுக்குப் பக்கத்தில் பிடிமானமாகத் திடமான கட்டை வேண்டும், அந்தரத்தில் நீளமாக ஓட்டினால் கழன்று விழும். பெரிய பல்சக்கரம் வேகத்தை 5-க்கு 1 என்று மாற்றும். பல காற்றாலைகளை ஒன்றுசேர்க்கவோ பல சம்மட்டிகளை ஓட்டவோ அது உதவும். ஒரு காற்றாலை, ஒரு சம்மட்டி என்றால் இப்போதைக்கு அது வேண்டாம். வழியில் விசையைத் துண்டிக்கவும் சேர்க்கவும் ஒரு கிளட்சும் டிரான்ஸ்மிஷனும் வைத்தால், நினைத்தபோது சம்மட்டியை நிறுத்தலாம்.

படி 4: ஐந்து கட்ட வரிசை

பெரும்பாலானவர்கள் தடுமாறுவது இங்கேதான். ஒரே மட்டத்தில், ஒரே நேர்கோட்டில் இப்படி வர வேண்டும் (டாகிள் என்பது அச்சு சுற்றும்போது சம்மட்டியை எழுப்பும் பாகம், அடித்தளம் சம்மட்டியைத் தாங்கும் பாகம்):

டாகிள் – அடித்தளம் – காலி – காலி – பட்டடை

அடித்தளத்தை நட்டு, ஹெல்வ் ஹாமரைக் கையில் எடுத்து அதன்மேல் வலது கிளிக் செய்யுங்கள். நீண்ட கைப்பிடியும் தலையும் ஒரு பக்கம் நீட்டிக்கொண்டு நிற்கும். அந்தத் தலைக்கு நேர் கீழே பட்டடையை வையுங்கள். பட்டடையை முதலில் வைத்துவிட்டுக் கட்டம் எண்ணுவதைவிட இது சுலபம். டாகிள், அடித்தளத்தின் பின்புறம் ஒட்டி வர வேண்டும். அச்சு இந்த வரிசைக்குக் குறுக்காக டாகிளுக்குள் நுழைய வேண்டும். அச்சு சுற்றுகிறது, சம்மட்டி எழவில்லை என்றால் முதலில் பார்க்க வேண்டியது இந்தக் குறுக்குவாட்டம், அடுத்தது டாகிள் ஒரு கட்டம் தள்ளி இருக்கிறதா என்பது.

இரும்பு அடிக்க வெண்கலப் பட்டடை போதும். அதை வார்க்க 900 அலகு, அதாவது 9 இங்காட் உலோகம் ஆகும்.

படி 5: தகடு அடித்தல்

பாய் சுற்றுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் உலையில் கரி போடுங்கள். காற்று பாதியில் படுத்துவிட்டால் உலோகம் பட்டடையிலேயே ஆறிப்போகும். ஆறியதன்மேல் சம்மட்டி எத்தனை தரம் விழுந்தாலும் ஒரு வாக்சல்கூட அசையாது. குறடால் எடுத்து மறுபடி உலையில் வைக்க வேண்டியதுதான். இதற்காகவே உலை பட்டடைக்கு இரண்டு எட்டு தூரத்தில் இருக்கட்டும்.

2 இங்காட்டையும் ஒன்றாகக் காய்ச்சுங்கள். முதலாவதைப் பட்டடையில் வைத்ததும் வரும் பட்டியலில் தகட்டைத் தேர்ந்தெடுங்கள். உடனே இரண்டாவதையும் மேலே வையுங்கள். ஒரு இங்காட்டில் 42 வாக்சல்தான் உண்டு (7 × 3 × 2). தகட்டுக்கோ 9-க்கு 9 என்று 81 வேண்டும். ஒன்றை மட்டும் வைத்துவிட்டுக் காத்திருந்தால் தகடு வராது. இரண்டும் சேர்ந்தால் 84. மேலடுக்கில் குவிந்திருப்பது அடிக்கு அடி காலிக் கட்டங்களுக்குப் போய் நிரம்பும், மிஞ்சும் மூன்று வீண். தகடு முடிந்ததும் பட்டடையிலிருந்து தானாக வெளியே விழும்.

புளூம் இன்னும் எளிது. காய்ச்சி வைத்துவிட்டு நகர்ந்துவிடலாம். கையால் செய்தால் கசடு வாக்சல்களை ஒவ்வொன்றாகப் பிளந்து தள்ளி, பள்ளங்களை நிரப்ப வேண்டும். அதை முழுக்கச் சம்மட்டி பார்த்துக்கொள்ளும். ஒரு புளூமுக்கு ஒரு இங்காட்.

பிளிஸ்டர் ஸ்டீலுக்கு வரும்போது மட்டும் வெண்கலப் பட்டடையை எடுத்துவிட்டு, அதே கட்டத்தில் இரும்புப் பட்டடையை வையுங்கள். இரும்புப் பட்டடையின் இரண்டு பாதிகளையும் தனித்தனியே அடித்து, பொடித்த போராக்ஸ் (வெண்காரம்) தூவி ஒட்டவைக்க வேண்டியிருக்கும்.